ஆறாவது கேள்வி

புதன்கிழமைகளில் மட்டும்
துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு
நான் வாயாகிறேன்.
டாக்டர் மிஸ்ஸுக்கு மாத்தறை. தமிழ் வராது.
வரிசையில் இருப்பவர்களுக்குச் சிங்களம் வரும்,
கடைக்கும் பஸ்ஸுக்கும் போதுமான அளவு.
அழுவதற்குப் போதாது.

ஒரு தாள், ஒன்பது கேள்வி.
கொழும்பில் யாரோ தமிழாக்கியது.
"உறக்கத்தில் இடையூறு" என்றிருக்கும்.
"ராவைக்கி எத்தன மணிக்கி முழிக்கிறீங்க?" என்பேன்.
மூணு மணி என்பார்கள், கேட்டுவைத்தாற்போல.
இந்த மலை முழுக்க மூன்று மணிக்கு
கண்ணைத் திறந்துகொண்டு கிடக்கிறது போலும்,
தகரத்தில் பனி சொட்டுவதைக் கேட்டபடி.

இன்று வந்தவன் யோகநாதன்.
மேப்பிரிவு, அஞ்சாம் நம்பர் லயம்.
இந்த வரிசையில் இன்னும் மாஸ்க் போடுகிறவன்
அவன் ஒருவன்தான்.

வத்தளையில் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி வீசியவன்.
கடையைப் பூட்டிய மூன்றாம் நாள்
கோவா இறக்கித் திரும்பிய லொறியில்
வெறுங்கூடைகளுக்கு அடியில் படுத்து வீடு வந்தான்.
நாட்டையே வீட்டுக்குள் இருக்கச் சொன்ன காலம்.
கொழுந்துக்கு யாரும் சொல்லவில்லை, அது வளர்ந்தது;
அம்மா பெரட்டுக்குப் போனாள்.
ஒரு காம்பரா, ஏழு பேர்.
ஒரு மீட்டர் தள்ளி இருக்கச் சொல்லி
கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டுப் போனார் பி.எச்.ஐ.
ஒரு மீட்டர் தள்ளினால் அடுப்பு.
இன்னும் தள்ளினால் அடுத்த வீடு.
பதினோராம் நாள் அப்பா இருமினார்.

நாலு வருஷமாச்சு. தாளைக் கிழித்தாயிற்று,
பசை போகவில்லையாம்.
இஸ்தோப்பில்தான் படுக்கிறான், பனிக்காலத்திலும்.
அம்மா தட்டை வைத்துவிட்டு
எட்டிப் போக வேண்டும், அப்போதுதான் சாப்பிடுவான்.
கைகள் இரண்டும்
கழுவிக் கழுவித் தோலுரிந்த கிழங்கு.

மிஸ் ஆறாவது கேள்விக்கு வந்தாள்.
தாளில் "குற்றவுணர்வு."
எங்கள் பக்கம் அந்தச் சொல்லை
யாரும் வாயில் போட்டுப் பார்த்ததில்லை.
"ஒம்மேல ஒனக்கே கோவமா தம்பி?" என்றேன்.

"கோவமில்லண்ணே.
மூஞ்சியக் காட்டல, பெட்டிய ஒட்டிட்டாங்க.
உள்ள அப்பாதான் இருந்தாரா?
வேற யாரையோ எரிச்சிட்டு வந்து
அவரு இன்னும் இங்க எங்கயாவது
இருமிக்கிட்டு கெடந்தா?"

அந்த மாதம், கீழே அந்த வாட்டில்,
பொலித்தீனை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியவன் நான்.
முப்பதுக்கு மேல் எண்ணவில்லை.
கண்ணாடி போட்டிருந்தேன்.
கண்ணாடியில் என் மூச்சின் ஆவி.
ஒரு முகமும் எனக்கு ஞாபகமில்லை.
என்னுடைய மூன்று மணி அதுதான்.

மிஸ் பேனாவோடு காத்திருக்கிறாள்.

"நாந்தான் கட்டுனேன்" என்றேன் அவனிடம்.
"ஒங்கப்பாதான். எடது கையில
கவ்வாத்துக் கத்தி பட்ட தழும்பு இருந்திச்சி."
(கவ்வாத்து வெட்டியவர்களில்
அந்தத் தழும்பு இல்லாதவர் யார்?)
"தலைய சீவி விட்டேன்.
அதுக்கு முந்துன நாளு சாயத்தண்ணி கேட்டாரு.
குடிச்சிட்டு, சீனி பத்தலன்னாரு."

யோகநாதன் நிமிர்ந்தான்.
"சீனி பத்தலன்னாரா?"
"ரெண்டு தடவ சொன்னாரு."
மாஸ்க்குக்குப் பின்னால் ஏதோ அசைந்தது.
சிரிப்பா என்று சொல்ல எனக்குத் தெரியாது.

"மொகத கிவ்வே?" என்றாள் மிஸ்.
ஒன்றுமில்லை மிஸ்,
கேள்வி விளங்கவில்லை, திருப்பிக் கேட்டேன்.
"பதில்?"
ஏறத்தாழ ஒவ்வொரு நாளும்.
அவள் மூன்று என்று போட்டாள்.

மாத்திரை வாங்கிக்கொண்டு
படியில் கைப்பிடியைத் தொடாமல் இறங்கிப் போனான்.
நான் பொய் சொன்னேனா, தெரியவில்லை.
முப்பதில் ஒருவர் அவர்தானே.

அன்று இரவும் முழித்தேன்.
முப்பது பேரும் இருந்தார்கள், வழக்கம்போல, கட்டியபடி.
ஒருவர் மட்டும் பொலித்தீனை விலக்கி
சீனி பத்தல என்றார்.

எழுந்து போய்க்
கேத்தலை அடுப்பில் வைத்தேன்.